உன் வீட்டு அரிசி

சாஆ தோட்டம்,
20-8-1933

மதிப்பிற்குரிய சகோதரி சந்திரமதி அவர்களுக்கு,

தம்பி லெட்சுமணன் எழுதிக்கொண்டது. ஐந்து வருஷமாக எழுதாதவன் இன்றைக்கு எழுதுகிறான் என்றால் நல்ல சேதியாக இருக்காது என்று உறையைப் பார்த்தவுடனே உங்களுக்குத் தெரிந்திருக்கும். உயிருக்கு ஒன்றுமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் அப்பா விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் கணக்கெடுக்கப் போவதற்காகத் தலைத்துண்டைக் கட்டிக்கொண்டிருந்தவர், அப்படியே சுவரோரமாகச் சரிந்துவிட்டார். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. வாய் கோணிப் பேச்சும் போய்விட்டது. மருந்து கொடுக்கும் தோட்டத்து டிரெசர் பார்த்துவிட்டுப் பக்கவாதம் என்றார். சிகாமட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். அப்பா இடது கையால் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஆகையால் ஐயாசாமி வைத்தியரை அழைத்து வந்தேன். காலையும் மாலையும் எண்ணெய் தேய்த்து, கஷாயம் கொடுக்கிறார். பத்தியம் கடுமையானது. பருப்பு, பயறு, முட்டை, மீன், கீரை எதுவும் கூடாது, எல்லாம் வாயு என்கிறார். கஞ்சியும் வறுத்த உப்பும்தான். நானும் என் மனைவி காளியம்மாவும் அதில் ஒரு குறை வைக்கவில்லை.

நீங்கள் வர வேண்டாம். வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். அத்தை மகன் அர்ச்சுனனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று நீங்கள் மூவாருக்குப் போய்ச் சதாசிவம் அத்தானைக் கல்யாணம் செய்துகொண்ட அன்று, அப்பா வாசலில் நின்று சொன்னது உங்களுக்கும் மறந்திருக்காது. "இனிமே அவ வீட்டு அரிசி என் உலையில ஏறாது. அவ மூஞ்சி இந்த வாசல்ல தெரியக் கூடாது." இப்போது உங்களைப் பார்த்தால் கோபத்தில் மறுபடியும் பக்கவாதம் அடித்துவிடும் என்று வைத்தியர் பயப்படுகிறார்.

சேதி தெரிய வேண்டும் என்பதற்காக எழுதினேன். வேறு விசேஷமில்லை.

இப்படிக்கு,
வே. லெட்சுமணன்


மூவார்,
25-8-1933

அடே லெட்சுமணா,

என்னடா அது, மதிப்பிற்குரிய சகோதரி? உன்னை இடுப்பில் சுமந்து என் இடுப்பு ஒரு பக்கம் கோணிப்போனது. கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்ததும் உனக்கு அக்காள் "அவர்கள்" ஆகிவிட்டாளா? இன்னொரு தரம் நீங்கள் நாங்கள் என்று எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கடையில் ஆள் நிற்கும்போது உன் கடிதத்தைப் பிரித்துத் தொலைத்தேன். வாய்விட்டு அழவும் முடியவில்லை. மிளகாய் நெடி என்று சொல்லிக்கொண்டே ஒரு மலாய்க்காரப் பெண்ணுக்கு மிளகாய் நிறுத்துக் கொடுத்தேன். உன் அத்தான்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தராசை வாங்கிக்கொண்டார்.

வர வேண்டாம் என்கிறாய். சரி, வரவில்லை. என்னைப் பார்த்து அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பழியையும் சுமக்க எனக்குத் திராணி இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், பதில் சொல். அவருக்கு எந்த அரிசியில் கஞ்சி காய்ச்சுகிறீர்கள்? தோட்டத்தில் அளந்து போடுகிற அந்த ரங்கூன் புழுங்கல்தானே? கல்லும் உமியும் நாற்றமுமாய்! நல்ல உடம்புக்காரனே அதை மென்று விழுங்க மல்லுக்கட்ட வேண்டும். கோணின வாயோடு அவர் எப்படியடா விழுங்குவார்?

நம் கடைக்குச் சயாமிலிருந்து வெள்ளை அரிசி வருகிறது. நன்றாகத் தீட்டி, மல்லிகை மொட்டுப் போல இருக்கும். பெரிய உத்தியோகஸ்தர் வீட்டுக்கும் துரைமார் பங்களாவுக்கும்தான் போகிறது. அதில் ஒரு சாக்கு யோங் பெங் வழியாக வரும் லாரியில் ஏற்றியிருக்கிறேன். புழு வராமலிருக்க உள்ளே வேப்பிலை முடிந்து போட்டிருக்கிறேன், எடுத்துவிட்டுக் கழுவச் சொல். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் துரை பங்களாவில் கொடுத்தார்கள் என்று சொல். அவர் சொன்ன சொல்லும் கெட வேண்டாம், அவர் வயிறும் காய வேண்டாம்.

ஒரு காலத்தில் அவர் பெரட்டிலிருந்து வரும்போது தலைத்துண்டில் பாதி ஆப்பம் முடிந்துகொண்டு வருவாரே, ஞாபகம் இருக்கிறதா? எந்தப் பண்டத்தையும் முழுசாகத் தின்ன மாட்டார் அந்த மனுஷன். பாதி எப்போதும் என்னுடையது. நீ பிறந்த பிறகு அதிலும் பாதி பிடுங்கிக்கொண்டாய், திருட்டுப் பயலே.

கழுவிக் குழைய வேகவைத்துக் கொடு. ஒரு வரி எழுது.

உன் அக்காள்
சந்திரமதி


சாஆ தோட்டம்,
12-9-1933

அன்புள்ள அக்காவுக்கு,

அரிசி பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. துரை பங்களா என்றுதான் சொன்னேன். அப்பா என்னையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கணக்குப் பேரேட்டைத் தேடுவது போல எழுந்து வெளியே போய்விட்டேன். எனக்குப் பொய் சொல்ல வராது என்பது உனக்குத் தெரியும்.

ஆனால் சாப்பிடுகிறார், அக்கா! புழுங்கல் கஞ்சி கொடுத்தால் பாதி கடைவாயில் வழிந்துவிடும். இந்தக் கஞ்சியை ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சுகிறார். காளியம்மா கிண்ணத்தை எடுத்தால் இடது கையால் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்கிறார். "மாமாவுக்குத் தொர வூட்டு நாக்கு வந்துருச்சு, இனிமே என் சமையலு எங்க எறங்கப்போவுது" என்று அவள் சிரித்தாள். அப்பாவும் ஒரு பக்கத்து வாயால் சிரித்தார். அவர் விழுந்த பிறகு வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

வலது கைப் பெருவிரல் இலேசாக அசைகிறது. தலையணை வைத்தால் உட்காருகிறார். வைத்தியர் பத்தியத்தின் பலன் என்கிறார். பாதி உன் அரிசியின் பலன் என்று நான் நினைக்கிறேன். அதை வைத்தியரிடம் சொல்லவில்லை.

தம்பி
லெட்சுமணன்


மூவார்,
19-9-1933

தம்பிக்கு,

உன் கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். ஐந்து வருஷத்துக்குப் பிறகு என் அரிசி அவர் உலையில் ஏறிவிட்டது. அவருக்குத் தெரியாமல் ஏறினால்தான் என்ன? வயிற்றுக்குத் தெரிந்தால் போதும்.

இன்னும் இரண்டு சாக்கு அனுப்பியிருக்கிறேன். இது முன்னதைவிட உயர்ந்தது. உன் அத்தான் சிரிக்கிறார், "உன் அப்பன் எழுந்து நிற்பதற்குள் என் கடை படுத்துவிடும்" என்கிறார். சொல்லிவிட்டு அவரே சாக்கைத் தைத்துக் கொடுத்தார்.

அவர் இன்னொன்றும் சொன்னார், கோபப்படாதே. வெறும் கஞ்சி போதாது, தினம் ஒரு முட்டையோ கொஞ்சம் மீனோ சேர்த்தால் உடம்பு தேறும் என்கிறார். வைத்தியரைக் கேட்டுப் பாரேன். அந்த மனுஷன் அப்பாவை எண்ணெயில் ஊறப்போட்டுப் பட்டினி போடுகிறாரோ என்று எனக்கு இருக்கிறது.

அக்காள்


சாஆ தோட்டம்,
26-9-1933

அக்காவுக்கு,

சாக்குகள் வந்தன.

முட்டை, மீன் பற்றி எழுதியிருந்தாய். பக்கத்தில் இருந்து மலமும் மூத்திரமும் அள்ளிப் பார்க்கிறவன் நான். பத்தியம் முறிந்தால் மருந்து விஷமாகும் என்று வைத்தியர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். காளியம்மா எங்களுக்குக்கூட வீட்டில் மீன் பொரிப்பதில்லை, வாசனைக்கு அப்பா ஏங்கிவிடக் கூடாது என்று. பெருவிரல் அசைந்தது யார் பார்த்ததால் என்று கொஞ்சம் யோசித்துப் பார். மூவாரில் கடையில் உட்கார்ந்துகொண்டு வைத்தியம் சொல்ல எல்லாருக்கும் வரும்.

அத்தானுக்கு என் வணக்கம்.

லெட்சுமணன்


சாஆ தோட்டம்,
6-11-1933

அக்காவுக்கு,

இனி அரிசி அனுப்ப வேண்டாம். வழியில் இருக்கிற சாக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

காரணம் கேட்காதே.

லெட்சுமணன்


மூவார்,
10-11-1933

லெட்சுமணனுக்கு,

காரணம் கேட்காதே என்றால் கேட்காமல் இருக்க நான் உன் தோட்டத்துக் கூலியா?

எனக்குத் தெரியும். அவருக்கு யார் அரிசி என்று தெரிந்துவிட்டது. கிண்ணத்தைத் தட்டி விட்டிருப்பார். அல்லது நீயே போட்டுக் கொடுத்திருப்பாய், போன தரம் முட்டை என்று எழுதினதற்கு அப்படிச் சீறினாயே. நான் எழுதாமல் இருந்தது உன் கோபம் ஆறட்டும் என்றுதான். நீ என்னடாவென்றால் ஒரேயடியாகக் கதவைச் சாத்துகிறாய்.

நான் என்னடா பாவம் செய்தேன்? பிடிக்காதவனைக் கட்டிக்கொண்டு அழாமல், பிடித்தவரைக் கட்டிக்கொண்டு மரியாதையாக வாழ்கிறேன். ஐந்து தீபாவளி போயிற்று. கடைக்கு வருகிற ஒவ்வொரு தோட்டத்து ஆளிடமும் "வேலு கங்காணி நல்லா இருக்காரா" என்று யாரோ போலக் கேட்டுக் கேட்டு என் பெருமையெல்லாம் போய்விட்டது. அவர் என்னைப் பார்க்க வேண்டாம், என் பெயரைச் சொல்ல வேண்டாம். நான் கொடுத்த ஒரு வாய் கஞ்சி அவருக்குள் இறங்கட்டும் என்றுதானே கேட்டேன்? அதுவும் பொறுக்கவில்லையா உங்களுக்கு?

சாக்கைத் திருப்பி அனுப்பினால் அதோடு உன்னையும் தலைமுழுகிவிடுவேன்.

சந்திரமதி


சாஆ தோட்டம்,
15-11-1933

என் அக்காவுக்கு,

உனக்கு எழுதாமல் மறைத்துவிடலாம் என்று நினைத்தேன். நீ தலைமுழுகுவேன் என்று எழுதியதைப் பார்த்த பிறகு மறைக்கத் துணியவில்லை. உட்கார்ந்து படி. அத்தான் பக்கத்தில் இருந்தால் நல்லது.

ஐப்பசி பிறந்ததிலிருந்தே அப்பாவுக்கு இடது காலில் மதமதப்பு. இடது கால், அக்கா, நல்ல கால். கெண்டைச் சதையைத் தொட்டால் முகம் சுளித்தார். பிறகு இரண்டு பாதமும் வீங்கின. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். நாலு வார்த்தை முனகினாலே மூச்சு வாங்கியது. வைத்தியர் வாயு கால்களுக்கு இறங்குகிறது என்று சொல்லிப் பத்தியத்தை இன்னும் இறுக்கினார். நானும் தலையாட்டினேன்.

கடைசியில் டிரெசர் என்னைத் திட்டிவிட்டுச் சிகாமட்டிலிருந்து டாக்டரையே அழைத்து வந்தார். டாக்டர் காலை அமுக்கிப் பார்த்தார், முட்டியில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். "பக்கவாதம் ஒரு பக்கந்தானே? நல்ல காலு ஏன் செத்துச்சு? இவரு என்ன சாப்புடுறாரு?" என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன், பத்தியத்தை ஒரு நாளும் மீறவில்லை என்று. காளியம்மா அரிசியை அள்ளிக்கொண்டு வந்து காட்டினாள்.

டாக்டர் அதை உள்ளங்கையில் பரப்பி, விரலால் தேய்த்துப் பார்த்தார். இது பெரிபெரி என்றார். சுரங்கத்துச் சீனர்களுக்குத்தான் வரும், வெள்ளை அரிசியே தின்பதால். நம் ஆட்களுக்கு வருவதில்லை, புழுங்கல் தின்பதால். அரிசியை வெளுக்கத் தீட்டும்போது மேல்தோலோடு சத்தெல்லாம் தவிட்டில் போய்விடுகிறதாம். புழுங்கலில் அந்தச் சத்து உள்ளே இறங்கித் தங்கிவிடுமாம். தோட்டத்தில் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்கிற அந்த அரிசிதான் இத்தனை நாளும் எங்களைக் காப்பாற்றி வந்ததாம்.

"என் அக்காவின் அரிசிதான் காரணமா?" என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வெள்ள அரிசி குடுத்தாலும் கூடப் பயறு, முட்டை, மீனு குடுத்திருந்தா இது வந்திருக்காது. அதெல்லாம் நிறுத்திட்டுப் புழுங்கலாச்சும் குடுத்திருந்தா தாக்குப் புடிச்சிருப்பாரு. ரெண்டும் சேந்துதான் கவுத்துருச்சு."

ரெண்டும் சேர்ந்து, அக்கா. உன் அரிசியும் என் பத்தியமும். நீ முட்டை கொடு என்று எழுதினாய், நான் என்ன பதில் எழுதினேன் என்று உனக்குத் தெரியும். அதைத் திரும்ப எடுத்துப் படித்துவிடாதே, கிழித்துப் போடு.

இதோடு முடியவில்லை. டாக்டர் சொன்னபடி புழுங்கல் கஞ்சியும் பச்சைப்பயறும் கொடுத்தோம். அப்பா வாயைத் திறக்கவே இல்லை. ஊட்டினால் துப்புகிறார். வெள்ளைக் கஞ்சிதான் வேண்டும் என்று கையைக் காட்டுகிறார். வெள்ளை அரிசி ருசி பிடித்துவிட்டது என்று நினைத்தேன். நேற்றுப் படுக்கை மாற்றும்போது காளியம்மா தலையணைக்கு அடியிலிருந்து துணி முடிச்சுகளை எடுத்தாள். நீ சாக்கில் போடுகிற வேப்பிலை முடிச்சுகள். நாங்கள் எடுத்துக் குப்பையில் போட்டவை. எப்போது யாரைக் கொண்டு எடுத்தாரோ தெரியாது. மாம்பழ நிறத் துணி, பச்சைக் கரை.

அது அப்பா உனக்குத் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த சேலைதானே? அதைக் கட்டிக்கொண்டுதானே நீ வீட்டைவிட்டுப் போனாய்?

அவருக்கு முதல் சாக்கிலேயே தெரிந்திருக்கிறது. துரை வீட்டு நாக்கு என்று நாங்கள் சிரித்தோம். அவர் உன் அரிசி என்று தெரிந்துதான் சாப்பிட்டிருக்கிறார். நாங்கள் நிறுத்தியதும், நீ நிறுத்திவிட்டாய் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது.

நான் எப்படிச் சொல்லிப் புரியவைப்பேன்?

லெட்சுமணன்


மூவார்,
19-11-1933

லெட்சுமணா,

அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இன்னும் முடியவில்லை என்றால் அது என் பாடு.

அந்தத் துணியைத் தெரியாமல் கிழித்தேன் என்று எழுத வாய் வரை வந்தது. பொய். வீட்டில் கந்தலுக்குப் பஞ்சமில்லை. சேலையை மடியில் போட்டுக்கொண்டு அரைமணி யோசித்துவிட்டுத்தான் கிழித்தேன். கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயம், கண்டுபிடிக்காமல் போய்விடுவாரோ என்று அதைவிடப் பயம்.

நீ பத்தியம் பத்தியம் என்று உன்னையே அடித்துக்கொள்ளாதே. வாத்துக்குப் போடுகிற தவிட்டில்தான் உயிர் இருக்கிறது என்று கடைக்காரி எனக்கே தெரியாதபோது உனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும், தம்பி, இன்னும் உயர்ந்தது, இன்னும் வெள்ளை என்று தேடித் தேடி அனுப்பினேனே. அதை நினைத்தால் கையை அடுப்பில் வைக்கலாம் போலிருக்கிறது.

சரி, வேலையைக் கேள். ரங்கூன் புழுங்கல் ஒரு சாக்கு அனுப்புகிறேன், நானே கல் பொறுக்கிப் புடைத்தது. பச்சைப்பயறும் இருக்கிறது. அரிசி ஆலைக்குப் போய்ப் புதுத் தவிடு கேட்டேன். ஆலை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, "வாத்து எத்தனை வளர்க்கிறாய்" என்று கேட்டார். ஒரே ஒரு கிழ வாத்து என்றேன். அதைச் சலித்து வறுத்து, மலாய்க்காரர் பனைவெல்லமும் தேங்காயும் போட்டு உருண்டை பிடித்திருக்கிறேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மிருதுவாகத்தான் இருக்கும், கோணின வாயிலும் கரையும்.

எல்லாவற்றையும் அந்தச் சேலைத் துணியிலேயே முடிந்திருக்கிறேன். முடிச்சை நீ அவிழ்க்காதே. அவர் மடியில் வை. "அக்கா குடுத்தா, இதைத்தான் தின்னச் சொன்னா" என்று சொல். துரை கீரை என்று எதுவும் உளறாதே.

அக்காள்


சாஆ தோட்டம்,
20-12-1933

அக்கா,

கடிதம் தாமதமானதற்குக் காரணம், நல்ல சேதியாகச் சேர்த்து எழுதலாம் என்று காத்திருந்ததுதான்.

முடிச்சை மடியில் வைத்தேன். நீ சொன்னபடியே சொன்னேன். அப்பா அதை மூக்கில் வைத்து முகர்ந்தார். பிறகு இடது கையாலும் பல்லாலும் தானே அவிழ்த்தார். நாங்கள் யாரும் உதவிக்குப் போகவில்லை. உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழிய மென்றார். காளியம்மா அடுப்படிக்கு ஓடிப்போய் அழுதாள்.

அதற்குப் பிறகு புழுங்கல் கஞ்சியும் இறங்கியது, பயறும் இறங்கியது. இப்போது தினம் ஒரு முட்டை. ஐயாசாமி வைத்தியர் கோபித்துக்கொண்டு வருவதில்லை. எண்ணெய் மட்டும் நானே தேய்க்கிறேன். காலில் வீக்கம் வடிந்துவிட்டது. டாக்டர் மறுபடி வந்து பார்த்தார், தவிட்டு உருண்டையைப் பிட்டுத் தானும் தின்று பார்த்து, ஆஸ்பத்திரி மருந்துக்கு இது தோற்காது என்றார். முந்தாநாள் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார், அக்கா! வாசல் வரை போக வேண்டும் என்று கை காட்டினார். வாசலில் நின்று பாதையையே பார்த்தார்.

அன்றைக்குப் பேசவும் செய்தார். "ச" என்று ஆரம்பித்து நெடுநேரம் திணறினார். தண்ணீரா என்றேன், சாமியா என்றேன். கோபம் வந்து கட்டிலில் அடித்தார். "சந்திரமதியா" என்று நான் கேட்டதும் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

பொங்கலுக்கு வா. அத்தானையும் அழைத்துக்கொண்டு வா. அப்பாவிடம் சொல்லிவிட்டேன், "அக்கா பொங்கலுக்கு வருது, ஒங்க பானையில அதுதான் அரிசி போடப்போவுது" என்று. அவர் சரி என்று தலையை அசைத்தார். மறுபடி மறுபடி அசைத்தார், நான் பார்க்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ.

தம்பி
லெட்சுமணன்


மூவார்,
11-1-1934

தம்பி,

நேற்றே புறப்பட்டோம். ஆயர் ஈத்தாம் வரை வந்தோம். அதற்கு அப்பால் வெள்ளம். யோங் பெங் பாதை கண்ணுக்கே தெரியவில்லை, தந்திக் கம்பங்கள் மட்டும் தண்ணீரில் நிற்கின்றன. லாரிக்காரன் மாட்டேன் என்றான். படகாவது கிடைக்குமா என்று நான் கேட்டேன், ஒரு கிழ மலாய்க்காரர் "அம்மா, ஆற்றுக்கே இன்று பாதை தெரியவில்லை" என்றார். அத்தான் என்னை இழுத்துக்கொண்டு திரும்பாவிட்டால் நடந்தே வந்திருப்பேன்.

புது அரிசியும் மஞ்சளும் மடியில் இருக்கின்றன. பொங்கலன்று நீங்களே பொங்கிவிடாதீர்கள். நான் வந்துதான் பானை ஏற வேண்டும். தண்ணீர் வடிந்த மறுநாள் அங்கே நிற்பேன். அப்பாவிடம் வெள்ளம் என்று சொல். வரவில்லை என்று சொல்லாதே, வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்.

இந்தக் கடிதம் எப்படி வந்து சேருமோ தெரியவில்லை. தபாலாபீஸ்காரர் ரயிலில் சுற்றி அனுப்புவதாகச் சொல்கிறார்.

சந்திரமதி


சாஆ தோட்டம்,
18-1-1934

அக்கா,

அப்பா நம்மை விட்டுப் போய்விட்டார். மாட்டுப்பொங்கலன்று காலையில்.

பொங்கலுக்குப் பானை ஏற்றவில்லை. உன் கடிதம் மறுநாள்தான் வந்தது, ஆனாலும் நாங்கள் காத்திருந்தோம். அன்று முழுதும் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாசலுக்கு எதிரே நாற்காலியில் இருந்தார். மழை தூறும்போதும் உள்ளே வர மறுத்தார். மறுநாள் காலையில் முகம் கழுவி விடும்போது தலை சாய்ந்தது. டாக்டர், மூளையில் இரண்டாம் அடி என்கிறார். பெரிபெரி இல்லை, சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கேட்காமலே சொன்னார். உண்மையாகச் சொன்னாரா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா, தெரியவில்லை. வெள்ளத்தில் உனக்காக வைத்திருக்க முடியவில்லை. அடக்கம் செய்துவிட்டோம். என்னை மன்னித்துக்கொள்.

தலைமாட்டில் அவருடைய தலைத்துண்டு எப்போதும் இருக்கும். அதைச் சுருட்டியே வைத்திருப்பார், யாரும் தொட விடமாட்டார். அடக்கத்துக்கு அதைக் கட்டலாம் என்று எடுத்தேன். கனத்தது. அவிழ்த்தால் உள்ளே தவிட்டு உருண்டைகள். எல்லாம் பாதி பாதியாக. நேராகப் பிட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி. சிலதில் எறும்பு, சிலதில் பூஞ்சைகூடப் பிடித்துவிட்டது. அடியில் இருந்த பழையது, நீ பொங்கலுக்கு வருவதாக நான் சொன்ன அன்றைக்குப் பிறகு வைத்ததாகத்தான் இருக்க வேண்டும்.

நான் எதிரே உட்கார்ந்து ஊட்டியவன். முழுதும் தின்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாதியையும் தின்றிருந்தால் இன்னும் பலம் வந்திருக்குமோ, அக்கா? டாக்டரிடம் இதைக் கேட்கவில்லை. கேட்கப் போவதுமில்லை.

துண்டைத் திரும்ப முடிந்து வைத்திருக்கிறேன். கருமாதிக்கு வா.

லெட்சுமணன்


மூவார்,
9-2-1934

லெட்சுமணா,

சுகமாக வந்து சேர்ந்தோம். காளியம்மாவிடம் சொல், அவள் கட்டிக் கொடுத்த சோற்றை ஆயர் ஈத்தாமில் சாப்பிட்டோம். மாமனாருக்குப் பெற்ற மகளாய் இருந்துவிட்டாள். அதை முகத்துக்கு நேரே சொல்லாமலே வண்டி ஏறிவிட்டேன்.

கருமாதிப் படையலுக்கு அவர் பானையில் என் அரிசியைப் போட்டபோது, பங்காளிகள் யாராவது பழைய சொல்லை எடுப்பார்களோ என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன். ஒருவரும் எடுக்கவில்லை. பானை பொங்கி வழிந்தது. புழுங்கல்தான் போட்டேன்.

நான் சமையற்கட்டுக்குப் பின்னால் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு போய் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீ கதவருகே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாய். என்ன செய்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

எறும்பை ஊதிவிட்டேன். பூஞ்சையை நகத்தால் சுரண்டினேன். எல்லாவற்றையும் தின்றேன். கசந்தது. சிலது கல்லாய் இறுகிப் போயிருந்தது, வாயில் வைத்து ஊறவைத்துத் தின்றேன். அவர் பிட்ட இடத்தில் விரல் பதிந்திருந்தது, அந்தப் பக்கத்தைக் கடைசியாகத் தின்றேன்.

நீ கேட்டாயே, அந்தப் பாதியையும் தின்றிருந்தால் என்று. அதை மறுபடி கேட்காதே. அப்பா தன் பாதியைத் தின்றுவிட்டுத்தான் போனார். மற்றது என்றைக்கும் என்னுடைய பாதி.

அக்காள்
சந்திரமதி